கோல் காப்பாளன் பிறந்த ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவனை அடிக்கக் கை ஓங்கினேன்.

அடிக்கவில்லை. அவன் கையில் தடி இருந்தது. இரண்டு காலிலும் கத்தி இருந்தது. என்னிடம் இருந்ததோ ஒரு நிறுத்தற் கடிகாரமும் குளிரில் விறைத்த பத்து விரல்களும்தான். நிலைமையை யோசித்துக் கையை இறக்கிவிட்டேன்.

இவன் எங்கே போய் யாரோடு சண்டை பிடித்தான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஐஸ் ஹொக்கி.

சிரிக்க வேண்டாம். ஆடு மேய்க்கவும் வெயிலில் கிடக்கவும் ஏற்பட்ட நாடு இது என்றுதான் வரும்வரை நானும் நினைத்திருந்தேன். இங்கே சிட்னியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. தரைக்கு அடியில் குழாய் ஓட்டி, மேலே தண்ணீரை விட்டு, உறைய வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் பளீரென்று அடிக்கும். கதவைத் திறந்து உள்ளே போனால் மீன் பெட்டிக்குள் போன மாதிரி இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் பக்கத்துக்கு ஆறு பேர். காலில் இரும்பு அலகு வைத்த சப்பாத்து. ஒரு கறுப்பு ரப்பர் வில்லையைத் தடியால் அடித்துத் துரத்துகிறார்கள். ஒருவனை ஒருவன் சுவரோடு சேர்த்து மோதலாம். அது குற்றமில்லை. காலைத் தட்டி விழுத்தினால் குற்றம். தண்டனையாக ஓரத்தில் ஓர் அடைப்புக்குள் இரண்டு நிமிடம் குந்தியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாங்குப் பலகையில் ஏற்றிவிடுவார்களே, அது போல.

இதில் எனக்கு என்ன வேலை? நேரம் பார்க்கிற வேலை. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் சோதனைக்கூட உத்தியோகத்தன். சில வருடங்களுக்கு முன் மாணவர் அணிக்காரன் ஒருவன் வந்து, நல்ல நிறுத்தற் கடிகாரம் ஒன்று இரவல் கிடைக்குமா என்று கேட்டான். கடிகாரத்தைத் தனியே விட எனக்கு மனமில்லை. அதோடு நானும் போனேன். அன்று மாட்டிக்கொண்டவன்தான்.

இனிச் சண்டைக்கு வருவோம்.

சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று நான் கேட்காத ஆள் இல்லை. சிட்னிக்காரன் சொல்வான்: "மெல்பேர்ணில் ஒரே நாளில் நாலு பருவம். நாலும் மோசம்." மெல்பேர்ண்காரன் சொல்வான்: "சிட்னியில் துறைமுகம் இருக்கிறது. அதோடு சரி." இந்த இரண்டுக்கும் தீராது என்றுதான் நடுவில், ஆடு மேய்ந்த புல்வெளியில், ஒரு தலைநகரத்தைக் கட்டினார்களாம். கேட்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஒரே சின்ன ஒழுங்கையில் ஒன்றுக்குப் போட்டியாக இன்னொன்று என்று இரண்டு வாசிகசாலை வைத்திருக்கிற சனம் நாங்கள்.

வருடத்துக்கு ஒரு தரம் இரண்டு நகரத்து மாணவர்களும் பனித்தரையில் மோதுவார்கள். மூன்று ஆட்டம். இரண்டை வெல்கிறவர்களுக்குக் கோப்பை. அது எப்போதும் மெல்பேர்ணுக்குத்தான் போகும். அதுவும் எப்படி? ஒன்பதுக்கு ஒன்று... பதினொன்றுக்கு இரண்டு... பாதி ஆட்டத்தில் பார்க்க வந்தவர்கள் தேநீர் குடிக்க எழும்பிப் போவார்கள். திரும்பி வரமாட்டார்கள்.

காரணம் என்ன? பயிற்சியா? மூளையா? ஒரு மண்ணும் இல்லை. கனடாக்காரர்கள். மேற்படிப்புக்கு வந்த கனடாப் பையன்கள் ஐந்தாறு பேர் மெல்பேர்ண் அணியில் இருந்தார்கள். நடக்க முதல் சறுக்கப் பழகிய ஆட்கள். சிட்னி அணியில் அப்படி இரண்டு பேர்தான்.

போன வருடம் இரண்டு பக்கமும் கூடிப் பேசின. சமநிலை வேண்டும் என்றது சிட்னி. ஒப்புக்கொண்டது மெல்பேர்ண். வென்று வென்று அவர்களுக்கும் அலுத்துவிட்டது போலும். 'இறக்குமதி' ஆட்டக்காரர் ஓர் அணிக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று முடிவானது. வெளிநாட்டில் பழகி வந்தவனை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். செத்தல் மிளகாய் மூட்டையைச் சொல்வது மாதிரி.

கூட்டத்தில் நானும் இருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிவத்தைச் சொல்ல வேண்டும். சிட்னி அணியின் கோல் காப்பாளன். யாழ்ப்பாணத்து மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவரின் மகன். இங்கே பொறியியல் படிக்கிறான், கடைசி வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

இவன் எப்படி இந்த விளையாட்டுக்குள் விழுந்தான்? உண்மையாகவே விழுந்துதான். முதல் வருடம் கூட்டாளிகளோடு வேடிக்கை பார்க்க வந்தவன், வாடகைச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினான். வடக்குக் கதவடியில் மல்லாக்க விழுந்தான். நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பினான், விழுந்தான். எழும்பினான், விழுந்தான். ஏழாம் தரம் விழுந்து கிடக்கும்போது, பயிற்சியில் யாரோ அடித்த வில்லை ஒன்று அவன் தலைக்கு மேலால் பறந்தது. கிடந்தபடியே கையை நீட்டிப் பிடித்தான். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு விக்கெற் காப்பாளனாக இருந்தவன்.

அதைக் கொலின் கண்டான். இப்போது அவன்தான் சிட்னி அணிக் கப்டன். "இவனுக்கு ஓடத் தெரியாது. கோல் வாசலில் ஓடத் தேவையும் இல்லை" என்று சொல்லிக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினான்.

பிறகு சிவம் சறுக்கவும் பழகினான். ஆனாலும் பல காலம் மாற்றாளாக வாங்கில் குந்தியிருந்தான். இந்த வருடம்தான் இடம் கிடைத்தது. இந்த வருடத்தோடு படிப்பு முடிகிறது, விசா முடிகிறது. மெல்பேர்ணுக்கு எதிராக மூன்று ஆட்டம். அவனுக்கு வாழ்க்கையில் அவ்வளவுதான்.

முதல் ஆட்டம் மெல்பேர்ணில். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். பழைய கணக்குக்கு அது வெற்றி மாதிரி. இரண்டாம் ஆட்டம் சனிக்கிழமை, சிட்னியில். இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். சிவம் பாயை விரித்த மாதிரிக் கிடந்து தடுத்தான். கொட்டகையில் ஒருவரும் தேநீர் குடிக்க எழும்பவில்லை.

ஞாயிறு கடைசி ஆட்டம். அன்று காலை இன்னொரு நல்ல செய்தி. எங்கள் கனடாக்காரர் இருவரில் ஒருவன் அதுவரை ஊரில் இல்லை. கல், மண் படிக்கிற மாணவன், பாலைவனப் பக்கம் பாறை உடைக்கப் போயிருந்தான். திரும்பி வந்துவிட்டான். அணியில் அவனைப் போல் கோல் அடிக்க ஆள் இல்லை. கொலின் துள்ளிக்கொண்டு பெயரைப் பட்டியலில் சேர்த்தான்.

மெல்பேர்ண் கப்டன் பிரெண்டன் பட்டியலை வாங்கிப் பார்த்தான்.

"இறக்குமதி மூன்று இருக்கிறதே, மேற்" என்றான். மேற் என்றால் கூட்டாளி. இந்த நாட்டில் நண்பனும் மேற்தான், சண்டைக்கு வருகிறவனும் மேற்தான். முகத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

"எங்கே மூன்று? இரண்டு கனடாக்காரர்தானே" என்றான் கொலின்.

"உன் கோல் காப்பாளன்?"

"சிவ்வா? அவன் இந்தத் தரையில்தான் பழகினான். முதல் நாள் விழுந்த விழுகைக்குக் கொட்டகையே சாட்சி."

"பிறந்தது எங்கே?"

அந்த இடத்தில்தான் நான் எழும்பினேன். மேசையைச் சுற்றிப் போனேன். "அவன் ஐஸைக் கண்டது சந்தையில் மீன் பெட்டிக்குள்ளே! பிறந்த இடத்தை ஏன் கேட்கிறாய்? பிறந்த இடத்துக்கும் விளையாட்டுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கத்தினேன். கை தானாக மேலே போனது. முதலில் சொன்னேனே, அந்தக் கைதான்.

பிரெண்டன் அசையவில்லை. பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"நான் கேட்கவில்லை, மேற். நீதான் கேட்டிருக்கிறாய்."

தட்டச்சு செய்த கடதாசி. என் சோதனைக்கூடத்துத் தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்து எப்போதும் மை அடைத்து வரும். இதிலும் அடைத்திருந்தது. 'அவுஸ்திரேலியாவுக்கு வெளியே பிறந்த ஆட்டக்காரர் ஓர் அணியில் இருவருக்கு மேற்படலாகாது.' எழுதியவன் நான்.

இப்போது அந்தக் கூட்டத்தைச் சொல்கிறேன். கடிகாரக்காரன் இரண்டு பக்கத்துக்கும் பொது ஆள், ஆங்கிலமும் கந்தோரில் கடிதம் எழுதிப் பழகிய ஆங்கிலம், நீயே எழுது என்று என்னிடம் விட்டார்கள். "வெளிநாட்டில் பழகியவர்கள் என்று போடு" என்றான் கொலின். நான் பெரிய புத்திசாலி அல்லவா? "பழகின இடத்தை எப்படி நிரூபிப்பது? பிறந்த இடம் என்றால் கடவுச்சீட்டிலேயே இருக்கும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் கைகூடத் தட்டினார்கள்.

கொழும்பை விட்டுப் புறப்பட்ட நாள்முதல் நான் நிரப்பாத படிவம் இல்லை. குடிவரவுக்கு ஒன்று. வேலைக்கு ஒன்று. வீட்டுக்கு ஒன்று. புத்தகம் இரவல் வாங்கவும் ஒன்று. எல்லாவற்றிலும் பெயருக்குக் கீழே அதே கேள்வி... பிறந்த இடம்? ஒவ்வொரு தரமும் எரிச்சலோடுதான் எழுதியிருக்கிறேன். உனக்கு எதற்கடா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். கடைசியில் நானே ஒரு விதி எழுத உட்கார்ந்தபோது என் கை போட்ட முதல் கேள்வி எது?

ஆளை அளக்க வேறு தடி எனக்குப் பழக்கமில்லை.

சொல்லுங்கள், இப்போது யாருக்குக் கை ஓங்குவது?

பிரெண்டன் கேட்டான்: "உண்மையாகவே அவன் இங்கேதான் பழகினானா?" எல்லோரும் ஓம் என்றார்கள். அவன் கடதாசியை இன்னொரு தரம் வாசித்தான். "அப்படியென்றால் இந்த விதி அவனை நினைத்துப் போட்டதில்லை. 'பிறந்த' என்ற அந்தச் சொல்லை வெட்டு. கொலின் கையெழுத்து வைத்தால் நானும் வைக்கிறேன். ஆட்டத்தைத் தொடங்குவோம்."

இவனையா அடிக்கப் போனேன்? வெட்கமாக இருந்தது. பேனையைத் திறந்தேன்.

"அண்ணை, வெட்டாதேங்கோ."

சிவம். வாங்கில் இருந்து கால் மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தவன். ஒரு காலில் மெத்தை, மற்றக் காலில் இல்லை.

"ஏன்ரா?"

"நடுவில மாத்தக் கூடாது."

"விசர்க் கதை கதையாதை. அவனே ஓமெண்டுறான். உனக்கென்ன?"

"அண்ணை, ஊரில நான் சோதினை எழுதி முடிச்சாப் பிறகுதான் ரூலை மாத்தினவங்கள். எழுத முதல் சொல்லியிருந்தா வேற வழியெண்டாலும் பாத்திருப்பன். மாத்தினதுகூடப் பரவாயில்லை. மாத்தின நேரம்தான் எனக்கு இண்டைக்கும் எரியுது. இப்ப எனக்கு நல்லதெண்டவுடன அதையே நான் செய்யிறதோ?"

பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்து, மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று பிரித்த கதையை நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சிவம் நல்ல புள்ளி எடுத்தும் வெளியே நின்றவன்.

"இது சோதினை இல்லையடா. விளையாட்டு" என்றேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் முழிச்சிருந்து பழகினனான்."

"அடுத்த வருசம் நீ இல்லை. தெரியுமோ?"

"தெரியும்."

பிறகு கொலின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னான்: "விதி விதிதான். நாங்கள் மூன்று பேர். இரண்டு பேரை எடு."

கொலின் பட்டியலை வெகுநேரம் பார்த்தான். கோல் காக்க இன்னொருவன் இருந்தான். கோல் அடிக்க இன்னொருவன் இல்லை. சிவத்தின் பெயரை வெட்டினான். "மன்னித்துக்கொள், சிவ்" என்றான். தலையை நிமிர்த்தவில்லை. கப்டனாக நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் எனக்கு இன்னும் கூடக் கோபம் வந்தது.

சிவம் மெத்தையைக் கழற்றினான். என் பக்கத்தில் வந்து குந்தினான். தண்டனை அடைப்பின் கதவைத் திறந்து மூட ஆள் வேண்டும், நான் செய்கிறேன் என்றான்.

மாற்றுக் காப்பாளன் டப்போ என்ற கோதுமை ஊரில் பிறந்தவன். விதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. கதவளவு உயரம். கதவளவு வேகம்.

ஆனால் ஆட்டம்! அப்படியோர் ஆட்டத்தை அந்தக் கொட்டகையில் நான் பார்த்ததில்லை. ஒன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு. பாறை உடைக்கப் போனவன் அடித்து மூன்றுக்கு மூன்று. சனம் கதிரைகளில் ஏறி நின்றது. கடைசிக் கட்டத்தில் மெல்பேர்ண்காரன் மெதுவாகத் தட்டிய வில்லை ஒன்று டப்போக்காரனின் இரண்டு காலுக்கும் நடுவால் போனது. சிவம் பக்கத்தில் இருந்தபடியே இரண்டு முழங்காலையும் டக்கென்று சேர்த்தான். அவன் காலுக்குள்ளால் அது போயிருக்காது.

நாலுக்கு மூன்று. மிச்சம் முப்பது விநாடி. எங்கள் பையன்கள் அவர்கள் வாசலை மொய்த்துவிட்டார்கள். என் பெருவிரல் தானாகவே கடிகாரத்துப் பொத்தானுக்குப் போனது. ஒரு பத்து விநாடி நிறுத்தி வைத்தால்? யாருக்குத் தெரியும்? சத்தத்தில் கொட்டகையே அதிர்கிறது...

"அண்ணை" என்றான் சிவம்.

அவ்வளவுதான் சொன்னான். விரலை எடுத்தேன். நேரம் ஓடியது. தோற்றோம்.

இரண்டு பக்கத்துச் சனமும் எழும்பி நின்று கை தட்டியது. பதினொன்றுக்கு இரண்டு என்று வென்ற காலத்தில் மெல்பேர்ண் பையன்கள் கோப்பையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் போவார்கள். அன்று அழுதார்கள். எது செய்தது இதை? என் விதி. சிவத்தை வெளியே இருத்தியது எது? அதுவும் என் விதி. ஒரே வரிதான். அது நல்லதா கெட்டதா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். எனக்குப் பிடிபடவில்லை. சமநிலை வேண்டும் என்று கேட்கிறவன் எவனும் எதிர்ப்பக்கத்தில் ஆளைக் குறைக்கத்தான் கேட்கிறான். தராசு தன் வீட்டுப் பக்கமும் திரும்பும் என்று யார் நினைக்கிறார்கள்? நான் நினைத்தேனா?

அன்று மத்தியானம் வழக்கம்போல் சிவம் சாப்பிட வந்தான். என் மனைவி பவானி எல்லாவற்றையும் கேட்டாள். சோற்றுக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள்.

"பிறந்த இடம் கேட்டுப் போர்ம் வந்தா வீட்டில என்ன குதி குதிப்பியள்! கடைசியில உங்கட கையாலேயே எழுதிக் குடுத்திருக்கிறியள். வெள்ளைக்காரன் பாவம்."

"அக்கா, அண்ணையைப் பேசாதேங்கோ" என்றான் சிவம். "ஊரில அரசாங்கம் செத்தல் இறக்குமதியை நிப்பாட்டினபடியாத்தான் அப்பாட தோட்டம் நிமிர்ந்தது. அதாலதான் நான் பிளேன் ஏறினது. இப்ப என்னையே இறக்குமதியெண்டு நிப்பாட்டினா நான் ஆரைத் திட்டுறது?"

பவானி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊரில உன்ர இடத்தை ஒருத்தனுக்குக் குடுத்தாங்களே, அவனில கோவமில்லையோ?" என்று கேட்டேன்.

"வன்னிப் பக்கத்தில ஒருத்தனுக்குக் கிடைச்சது. எனக்குத் தெரிஞ்ச பெடியன்தான். அவன்ர பள்ளிக்கூடத்தில லாப் இல்லை, அண்ணை. ஒரு மெழுகுதிரியை வைச்சு எல்லாச் சோதனையும் செய்தவன். அவனில எனக்கு என்ன கோவம்?" கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டான். "ஆனா எனக்கு இடம் கிடைச்சிருக்கலாம் எண்டும் இருக்குது. ரெண்டும் இருக்குது."

இரண்டும் இருக்கிறது. நாலு நாள் யோசித்தும் எனக்குப் பிடிபடாததை அவன் அன்றே சோற்றைப் பிசைந்துகொண்டு சொல்லிவிட்டான்.

கொட்டகையைவிட்டு வரும்போது பிரெண்டன் என்னிடம் ஒன்று கேட்டிருந்தான். அடுத்த வருடத்துக்கு விதியைத் திருத்தி எழுது, இந்தத் தரம் ஒழுங்காக எழுது என்று. அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். "பழகின இடம் எண்டு போட்டா எப்பிடி நிரூபிக்கிறது? ஆருக்குத் தெரியும், ஆர் எங்க பழகினதெண்டு?"

"பழகினது ஆருக்கும் தெரியாதுதான்" என்றான் சிவம். "விழுந்தது எல்லாருக்கும் தெரியும். பாத்துச் சிரிச்சவன் ஒருத்தன் எப்பவும் இருப்பான். அவன் சாட்சி சொல்லட்டும்."

திங்கட்கிழமை சோதனைக்கூடத்தில் புதுப் படிவத்தைத் தட்டினேன். முதலில் பெயர். அதற்குக் கீழே: முதன்முதல் பனித்தரையில் விழுந்த இடம். அதற்குக் கீழே: பார்த்துச் சிரித்தவரின் கையெழுத்து. பிரெண்டனுக்கு ஒரு பிரதி தபாலில் போட்டேன். கொலினுக்கு ஒன்று கொடுத்தேன்.

மூன்றாவது பிரதியைச் சிவம் வாங்கி நிரப்பினான். இனி விளையாடப்போவதில்லை என்று தெரிந்தும் நிரப்பினான். 'சிட்னி, வடக்குக் கதவடி' என்று எழுதி, கடைசி வரியைக் காட்டிப் பேனையை என்னிடம் நீட்டினான்.

கையெழுத்து வைத்தேன். அன்று சிரித்தேன்தான்.